இசியூ பேசலையா? முதல்ல மல்டிமீட்டரை எடுங்க

சி கோடும் சிமுலிங்கும் படிச்சுட்டு ஆட்டோமோட்டிவ் டெஸ்டிங் டீம்ல சேர்றவங்க முதல் வாரமே முழிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இசியூ (வண்டியில எஞ்சின் மாதிரி ஒரு பாகத்தை கட்டுப்படுத்துற குட்டி கம்ப்யூட்டர்) டேபிள் மேல இருக்கு, கனெக்டர் மாட்டியாச்சு, லேப்டாப்ல கேனோ (லைன்ல போற மெசேஜை காட்டுற சாஃப்ட்வேர்) ஓடுது, அதோட ட்ரேஸ் லிஸ்ட்ல ஒரு மெசேஜ் கூட வரல. உடனே சாஃப்ட்வேர்தான் தப்புன்னு திரும்ப ஃபிளாஷ் பண்ண உக்காந்துடுவாங்க. வேணாம்.

இசியூக்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரெண்டு வயர் லைன்தான் கேன். பவரை ஆஃப் பண்ணிட்டு அந்த ரெண்டு வயர், கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் நடுவுல ஓம் பாருங்க (வண்டியிலன்னா பொதுவா ஓபிடிங்கற டயக்னாஸ்டிக் சாக்கெட்டோட 6, 14 பின்). 60 வரணும், ஏன்னா லைனோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர், பேரலல்ல பாதியாயிடும். 120 காட்டுனா ஒரு பக்கம் இல்ல. 40 காட்டுனா ஒண்ணு கூடுதல். நான் சேர்ந்த புதுசுல எரர் ஃபிரேமா கொட்டுதுன்னு ரெண்டு நாள் இன்டரப்ட் கோடை நோண்டிட்டு இருந்தேன், வயரிங் பாக்குற அண்ணன் வந்து மீட்டரை வச்சாரு, 40. "முனை ரெண்டுதானே தம்பி, மூணாவது எங்க இருந்து வந்துச்சு?"ன்னாரு. டெஸ்ட் ரிக்குக்குள்ள ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு, இசியூல ஒண்ணு, நான் வேற கேபிள்ல ஒண்ணு சொருகி வச்சிருந்தேன்.

60 சரியா வந்தா அடுத்தது பவர். பேட்டரி லைன் வேற, இக்னிஷன் லைன் வேற, முதல் லைனை மட்டும் குடுத்தா நிறைய இசியூ தூங்கிட்டேதான் இருக்கும். பாட் ரேட், அதாவது லைனோட வேகம், பாருங்க, கார்ல பெரும்பாலும் செகண்டுக்கு 500 கிலோபிட், லாரில ஜே1939ங்கற கேன் ஸ்டாண்டர்டுன்னா 250 சகஜம். இன்னொண்ணு, கதை கேக்குறவன் உம் கொட்டுற மாதிரி கேன்ல ஒருத்தர் பேசுனா இன்னொருத்தர் அக் (கிடைச்சுதுங்கற பதில்) குடுக்கணும், உங்க டூல் கேக்க மட்டும் செய்யுற சைலன்ட் மோட்ல இருந்து பெஞ்ச்ல வேற யாரும் இல்லன்னா இசியூ அனுப்புனதையே திரும்பத் திரும்ப அனுப்பிட்டு கிடக்கும்.

மெசேஜ் வந்துடுச்சா? டிபிசி ஃபைலை (எந்த பைட்ல எந்த சிக்னல்னு சொல்றது) அப்படியே நம்பாம ஒரு சிக்னலையாவது கையால கணக்கு போடுங்க. எஞ்சின் ஆர்பிஎம், ரெண்டு பைட், ஃபேக்டர் 0.25, ட்ரேஸ்ல ஹெக்ஸ்ல 13 88ன்னு இருக்குன்னு வைங்க. அது 5000, கால்வாசி 1250, நியாயமான ஆர்பிஎம். பைட் ஆர்டரை மோட்டோரோலாவுக்கு (பெரிய பைட் முதல்ல) பதிலா இன்டெல்னு (சின்ன பைட் முதல்ல) போட்டிருந்தா அதே பைட் 88 13 ஆயி 8708 ஆர்பிஎம் காட்டும், டீசல் எஞ்சின் அந்த வேகத்துல சுத்துனா ரூம்ல யாரும் இருக்க மாட்டோம்.

இதுக்கு மேலதான் ஹில் (ஹார்டுவேர் இன் த லூப்) ரிக், நெஜ எஞ்சினுக்கு பதிலா மாடல் ஓடும், இசியூக்கு தான் வண்டியில இல்லங்கறதே தெரியாது. எனக்கு பிடிச்ச டெஸ்ட் ஆக்சிலரேட்டர் பெடல். அதுல சென்சார் ரெண்டு, நிறைய டிசைன்ல ஒண்ணோட வோல்டேஜ் இன்னொண்ணுல பாதி. ஒண்ணு 2 வோல்ட்ல, இன்னொண்ணு 1 வோல்ட்ல நிக்கும்போது ரெண்டாவதை மட்டும் மெதுவா 1.5க்கு ஏத்துங்க. இசியூ ரெண்டும் ஒத்துப்போகலன்னு கண்டுபிடிச்சு டார்க்கை குறைக்கணும், டிடிசி (ஃபால்ட் கோடு) போடணும். பெரும்பாலானவங்க டிடிசி வந்ததும் பாஸ் போட்டுட்டு டீ குடிக்க போயிடுவாங்க. எத்தனை மில்லிசெகண்ட்ல வந்துச்சு, ரிக்வயர்மென்ட்ல எத்தனை இருக்கு, வயரை திரும்ப சரி பண்ணதும் அதே டிரைவ்ல டார்க் சட்டுன்னு திரும்ப வந்துடுதா, அங்கதான் பக் ஒளிஞ்சிருக்கும்.

டயக்னாஸ்டிக்ஸ்ல 22 (டேட்டாவை படிச்சு சொல்லுன்னு கேக்குற ரிக்வெஸ்ட், ஹெக்ஸ்ல) அனுப்புனா 62ன்னு பதில் வரணும். நெகட்டிவ் ரெஸ்பான்ஸ்ல கடைசி பைட் 78ன்னா அது ஃபெயில் இல்ல, "இரு, வேலை நடக்குது"ன்னு அர்த்தம், ஸ்கிரிப்ட் பொறுமையா காத்திருக்கணும். செஷன் மாத்திட்டு 5 செகண்ட் சும்மா இருந்தா இசியூ டீஃபால்ட்டுக்கே போயிடும், அதனால டெஸ்டர் பிரசென்ட் ("நான் இன்னும் இருக்கேன்"னு சொல்ற மெசேஜ்) அனுப்பிட்டே இருங்க.

பக் போடும்போது சாஃப்ட்வேர் வெர்ஷன், கேலிபிரேஷன் வெர்ஷன், சப்ளை வோல்டேஜ், ட்ரேஸ்ல தப்பு நடந்த நேரம், நாலும் இல்லாம போட்டா டெவலப்பர் "எனக்கு இங்க வரலயே"ன்னு மூடிடுவாரு, அவரை குத்தம் சொல்ல முடியாது.