ஞாயிறு உடையைச் சனிக்கிழமையே போட்டுப் பாருங்கள்

ஞாயிறு காலை அலமாரி முன் நின்று யோசித்தால், முதல் பாட்டு முடிந்த பிறகுதான் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். சனிக்கிழமை இரவே உடையை எடுத்துவைத்து, ஒருமுறை போட்டும் பாருங்கள். கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது. உட்காருங்கள், முழங்கால் போடுங்கள், இரண்டு கைகளையும் உயர்த்துங்கள். இடுப்பில் சட்டை ஏறுகிறதா, குனிந்தால் கழுத்து இறங்குகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். செருப்பையும் சோதித்துவிடுங்கள். ஜெப நேரத்து அமைதியில் 'டக் டக்' என்று நடந்து, எல்லாத் தலைகளையும் திரும்ப வைத்தவன் நான்.

புதிய சபைக்குப் போகிறீர்களா? தோளும் முழங்காலும் மூடியிருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்திலும் இதுதான் விதி. சில சபைகளில் பெண்கள் தலையை மூடுவார்கள். பையில் ஒரு சால்வை இருக்கட்டும்.

விலை உயர்ந்த உடைதான் மரியாதை என்றில்லை. பளபளப்பாக வந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தையோடு வந்தவருக்குத் தரையும் காட்டுவதை பைபிளில் உள்ள யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரமே கண்டிக்கிறது. பழைய சட்டையா, பரவாயில்லை, துவைத்துத் தேய்த்திருந்தால் சரி. அப்புறம், பக்கத்தில் ஒருவர் கசங்கிய டிஷர்ட்டில் வந்து நின்றால், மேலும் கீழும் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.