‘கன்சிடரேஷன்’ என்றால் பரிவு மட்டுமல்ல

ஆங்கில ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கும்போது ‘கன்சிடரேஷன்’ என்ற சொல் எதிர்ப்பட்டால், அன்றாடப் பேச்சில் அதற்குள்ள பரிவு, பரிசீலனை ஆகிய பொருள்களைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் கொடுப்பதையோ, செய்வதையோ, செய்வதாக ஒப்புக்கொள்வதையோதான் சட்டம் அச்சொல்லால் குறிக்கிறது. தமிழில் இதை மறுபயன் என்பர். விற்பனைப் பத்திரத்தில் அது பெரும்பாலும் விலைத் தொகையே.

மறுபயன் இல்லாத வெறும் வாக்குறுதியை இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக நிறைவேற்றி வைக்காது என்றாலும், அதன் அளவு மிகச் சிறியதாக இருக்கலாம் என்பது வேடிக்கையானது: 1959-இல் நெஸ்லே நிறுவனம் தொடர்பான வழக்கில், இசைத்தட்டுக்காகப் பணத்துடன் அனுப்பப்பட்ட 3 சாக்லேட் உறைகளும், பெற்றவர் அவற்றைத் தூக்கியெறிந்தபோதிலும், மறுபயனின் பகுதியே என அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை கூறியது. ஆனால் காலம் முக்கியம். குதிரையை விற்று முடித்த பிறகு அதன் குணத்துக்கு அளித்த உறுதிமொழி, முடிந்துபோன விற்பனையை மறுபயனாகக் கொள்ள முடியாது என்பதால், 1842-இல் செல்லாமற்போனது. ஸ்காட்லாந்துச் சட்டமோ மறுபயனைக் கேட்பதே இல்லை.

குற்றவியல் தீர்ப்புகளில் இதே சொல் வேறு வேலை செய்கிறது. குற்றவாளி தாமே ஒப்புக்கொண்ட பிற குற்றங்களையும் தண்டனை விதிக்கையில் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்வதை அங்கே அது சுட்டும். ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன், கையில் இருப்பது ஒப்பந்தமா தீர்ப்பா என்று பாருங்கள்.