எக்ஸ்-பிளேன் 12: இலவச விமானமும் சீனரியும் சேர்ப்பது எப்படி?

வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன் 12 என்ற விமானம் ஓட்டும் சிமுலேட்டரை ஓட்டுபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் விமானங்களும் விமான நிலையங்களும் ஏராளம். அவற்றில் நல்லவை, காசு கொடுத்து வாங்குபவற்றுக்குச் சளைத்தவை அல்ல. ஜிபோ 737 என்ற இலவச விமானத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே இது விளங்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஜிப் ஃபைலைப் பிரித்து, ஃபோல்டரை உரிய இடத்தில் நாமே வைக்க வேண்டும். எங்கே வைக்கிறோம், எத்தனை ஃபோல்டருக்குள் வைக்கிறோம், எந்த வரிசையில் வைக்கிறோம் என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் விமானம் பட்டியலில் வராது, அல்லது விமான நிலையத்தின் கட்டடங்கள் காணாமல் போகும். பிசகு எதனால் வருகிறது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

தொடங்கும் முன்

எக்ஸ்-பிளேனை விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் நிறுவியிருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அந்த ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் எளிதில் அனுமதி தராது. ஃபைலைச் சேர்க்கும்போதும் செட்டிங்குகளைச் சேமிக்கும்போதும் இதனால் தொல்லை வரும். டெஸ்க்டாப் அல்லது தனி டிரைவ் நல்லது. ஜிப்பைப் பிரிக்க 7-ஜிப் இருந்தால் போதும்.

எக்ஸ்-பிளேனின் தாய் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே பல ஃபோல்டர்கள் தெரியும். நமக்கு வேண்டியவை மூன்று. விமானங்களுக்கு 'ஏர்கிராஃப்ட்', சீனரிக்கும் (விமான நிலையம், நிலப்பரப்பு) அதற்கான பொதுப் பொருள்கள் அடங்கிய லைப்ரரிக்கும் 'கஸ்டம் சீனரி', கூடுதல் வசதி தரும் பிளக்-இன்களுக்கு 'ரிசோர்சஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பிளக்-இன்ஸ்'. 'குளோபல் சீனரி' என்று இன்னொன்றும் இருக்கும். அது மூலச் சரக்கு, அதில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

படி 1: விமானம்

ஜிபோ 737-800, எக்ஸ்-பிளேனை உருவாக்கும் லாமினார் ரிசர்ச் நிறுவனத்தின் 737-ஐ அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. அதனாலேயே பலர் அதைப் பழைய 737 ஃபோல்டரின் மேலேயே கொட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. எக்ஸ்-பிளேன் அப்டேட் ஆகும்போது தன் சொந்த ஃபைல்கள் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, பழைய நிலைக்குத் திருப்பிவிடப் பார்க்கும்.

'ஏர்கிராஃப்ட்' ஃபோல்டருக்குள் 'எக்ஸ்ட்ரா ஏர்கிராஃப்ட்' என்ற ஃபோல்டர் இருக்கும். இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். முழுப் பதிப்பின் ஜிப்பைப் பிரித்து, வரும் விமான ஃபோல்டரை அப்படியே அதற்குள் வையுங்கள். அந்த ஃபோல்டரைத் திறந்தவுடன் ஏசிஎஃப் என்று முடியும் ஃபைல் கண்ணில் பட வேண்டும். எக்ஸ்-பிளேன் விமானத்தை அடையாளம் காண்பது அந்த ஃபைலை வைத்துத்தான்.

ஜிபோவுக்கு முழுப் பதிப்பு ஒன்றும், அதன் மேல் போடும் பேட்ச்களும் தனித்தனியாக வரும். முழுப் பதிப்பை முதலில் வைத்து, பேட்சில் உள்ளவற்றை அதே ஃபோல்டரின் மேல் காப்பி செய்து, 'மாற்றவா' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதம் கொடுங்கள். எண்களைக் கவனியுங்கள். ஒரு முழுப் பதிப்புக்கான பேட்ச் வேறொரு முழுப் பதிப்புக்குப் பொருந்தாது. பொருந்தாததைப் போட்டால் காக்பிட்டில் சில திரைகள் கறுப்பாகவே நிற்கும்.

விமானம் முழுவதும் அணைந்த நிலையில் திறந்தால் அது பழுதல்ல. பறப்பைத் தொடங்கும் பக்கத்தில் 'எஞ்சின் ஓடும் நிலையில் தொடங்கு' என்ற தேர்வு இருக்கிறது. புதியவர்கள் முதல் சில பறப்புகளுக்கு அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

லிவரி ஏன் வெள்ளையாக வருகிறது?

லிவரி என்பது விமானத்தின் வெளிப்புற வண்ணம். விமான ஃபோல்டருக்குள் 'லிவரீஸ்' என்ற ஃபோல்டர் உண்டு. ஒவ்வொரு விமான நிறுவனத்தின் வண்ணமும் அதற்குள் தனி ஃபோல்டராக இருக்கும், அதற்குள் 'ஆப்ஜெக்ட்ஸ்' இருக்கும். ஜிப்பைப் பிரிக்கும்போது 7-ஜிப் ஜிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்க, அதற்குள் அதே பெயரில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். அப்போது பட்டியலில் லிவரியின் பெயர் தெரியும், ஆனால் விமானம் பழைய வண்ணத்திலோ வெள்ளையாகவோ நிற்கும். உள் ஃபோல்டரை ஒரு படி மேலே இழுத்து வைத்தால் சரியாகிவிடும்.

படி 2: பிளக்-இன்

ஒவ்வொரு பிளக்-இன்னும் 'பிளக்-இன்ஸ்' ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டராக இருக்க வேண்டும். அதற்குள் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் ஃபோல்டர் இருக்கும், அதற்குள் எக்ஸ்பிஎல் ஃபைல் இருக்கும். இந்த ஆழம் ஒன்று கூடினாலும் பிளக்-இன் ஏறாது, பிழைச் செய்தியும் வராது. மேக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தடை. இணையத்திலிருந்து இறக்கிய பிளக்-இன்னை இயங்குதளம் தடுத்து வைக்கும், பாதுகாப்பு செட்டிங்கில் போய் அனுமதி தர வேண்டும்.

தொடக்கத்தில் அவிடாப் ஒன்று போதும். காக்பிட்டுக்குள் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து, வரைபடமும் சார்ட்டும் பார்க்க வைக்கும். பத்துப் பிளக்-இன்களை ஒரே நாளில் சேர்த்துவிட்டு எக்ஸ்-பிளேன் விழுந்தால், எது காரணம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

படி 3: விமான நிலையமும் லைப்ரரியும்

இன்ஸ்புரூக் விமான நிலையத்துக்கு ஒரு இலவசப் பேக் இறக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த ஃபோல்டரை 'கஸ்டம் சீனரி'க்குள் வையுங்கள். திறந்தவுடன் 'எர்த் நேவ் டேட்டா' என்ற ஃபோல்டர் நேராகத் தெரிய வேண்டும். அதற்குள் +40+010 என்ற ஃபோல்டரும், அதற்குள் +47+011 என்ற டிஎஸ்எஃப் ஃபைலும் இருக்கும். எக்ஸ்-பிளேன் உலகை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இன்ஸ்புரூக் 47 டிகிரி வடக்கு, 11 டிகிரி கிழக்கில் தொடங்கும் கட்டத்தில் வருகிறது. இந்த எண்களைப் படிக்கப் பழகிக்கொண்டால், எந்தப் பேக் எந்த ஊரைத் தொடுகிறது என்பதை ஃபோல்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பேக்கோடு வரும் ரீட்மீ ஃபைலைப் படிக்காமல் விடாதீர்கள். தேவையான லைப்ரரிகளின் பெயர்கள் அதில்தான் இருக்கும். இலவச நிலையங்களை உருவாக்குபவர்கள் விளக்குக் கம்பம், வண்டி, வேலி எல்லாவற்றையும் தாங்களே வரைவதில்லை. ஓப்பன்சீனரிஎக்ஸ், மிஸ்டர்எக்ஸ் போன்ற பொது லைப்ரரிகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். லைப்ரரிகளும் 'கஸ்டம் சீனரி'க்குள்தான் போக வேண்டும். ஒவ்வொன்றின் முகப்பிலும் 'லைப்ரரி' என்ற உரைக்கோப்பு இருக்கும்.

லைப்ரரி ஒன்று குறைந்தால், ஏறும்போதே 'இந்த சீனரி சரியாக ஏறாமல் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரும். எக்ஸ்-பிளேனை மூடிவிட்டுத் தாய் ஃபோல்டரில் இருக்கும் 'லாக்' என்ற உரைக்கோப்பைத் திறங்கள். எந்தப் பொருள் கிடைக்கவில்லை, எந்த சீனரி அதைக் கேட்டது என்று இரண்டும் ஒரே வரியில் இருக்கும். கிடைக்காத பொருளின் பாதையில் வரும் முதல் சொல் பெரும்பாலும் லைப்ரரியின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஃபைல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாக எழுதப்படும். யாரிடமாவது காட்டி உதவி கேட்க வேண்டுமென்றால், மறுபடி எக்ஸ்-பிளேனைத் திறக்கும் முன் காப்பி எடுத்து வையுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கேட்பவருக்கு யாராலும் உதவ முடியாது, லாக்கோடு வருபவருக்கு உடனே பதில் கிடைக்கும்.

பழைய பேக்குகள் பல, ஜெட்வே (முனையத்தையும் விமானத்தையும் இணைக்கும் பாலம்) நகர்வதற்கு சாம் என்ற பிளக்-இன்னைக் கேட்கும். அதற்குப் பதிலாக ஓப்பன்சாம் என்ற இலவசப் பிளக்-இன்னைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: வரிசை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் கவனமாகப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

'கஸ்டம் சீனரி'க்குள் 'சீனரி பேக்ஸ்' என்ற ஐஎன்ஐ ஃபைல் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம். மேலே இருக்கும் தலைப்பு வரிகளைத் தொடாதீர்கள். கீழே ஒவ்வொரு வரியும் ஒரு சீனரி ஃபோல்டர். மேலே இருப்பதற்கே முன்னுரிமை. புதிய ஃபோல்டர் ஒன்றைக் கண்டால் எக்ஸ்-பிளேன் அதைப் பட்டியலின் உச்சியில் சேர்த்துவிடும், அது எந்த வகைச் சீனரி என்று பார்ப்பதில்லை. நேற்றுவரை நன்றாக இருந்த விமான நிலையம், மெஷ் என்ற தரை அடித்தளம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்த மறுநாள் மொட்டையாக நிற்பது இதனால்தான்.

சீனரியில் இரண்டு வகை உண்டு. மலை, பள்ளம், ஆறு, தரை எல்லாம் சேர்ந்த அடித்தளம் மெஷ். அதன் மேல் வைக்கும் கட்டடம், சாலை, மரம் எல்லாம் ஓவர்லே. ஓவர்லேக்கள் எத்தனை வேண்டுமானாலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். மெஷ் அப்படியல்ல, தரையில் விரித்த பாய் மாதிரி. ஒரு கட்டத்தில் மேலே இருக்கும் மெஷ் மட்டும்தான் தெரியும், அதற்குக் கீழே உள்ளவை அந்தக் கட்டத்தில் எல்லாமே மறைந்துவிடும், ஓவர்லேக்கள் உட்பட. அதனால் மெஷ் எப்போதும் அடியில் இருக்க வேண்டும்.

மேலிருந்து கீழாக வரிசை இது:

1. நீங்கள் இறக்கிய விமான நிலையங்கள்
2. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் 'குளோபல் ஏர்போர்ட்ஸ்' என்று இருக்கும் வரி
3. லாண்ட்மார்க் (புகழ்பெற்ற கட்டடங்கள்) பேக்குகள்
4. சிம்ஹெவனின் எக்ஸ்-வேர்ல்ட் போன்ற, நிலப்பரப்பு முழுவதையும் நிரப்பும் ஓவர்லேக்கள்
5. ஆர்த்தோவுக்கான (தரையில் உண்மையான வான்படம், படி 5 பார்க்க) ஓவர்லே
6. ஆர்த்தோ டைல்கள் (ஒரு டிகிரிக் கட்டத்துக்கு ஒன்று)
7. மற்ற மெஷ்கள்

லைப்ரரிகள் எங்கே இருந்தாலும் சரி. விமான நிலையப் பேக்கோடு தனியாக ஒரு மெஷ் ஃபோல்டர் வந்தால், அதை ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் வையுங்கள். அந்த ஒரு டிகிரிக் கட்டத்தில் உங்கள் ஆர்த்தோ தெரியாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்-பிளேன் மூடியிருக்கும்போதுதான் இந்த ஃபைலைத் திருத்த வேண்டும். ஒரு பேக்கைத் தற்காலிகமாக நிறுத்த ஃபோல்டரை அழிக்கத் தேவையில்லை. வரியின் முதல் சொல்லோடு அடிக்கோடு போட்டு 'டிசேபிள்ட்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்தால் போதும். ஃபைல் கெட்டுவிட்டால் அழித்துவிடுங்கள். அடுத்த முறை எக்ஸ்-பிளேன் அகர வரிசையில் புதிதாக எழுதிக்கொள்ளும்.

அறிகுறியைப் பார்த்தே சில கோளாறுகளைக் கண்டுபிடிக்கலாம். ஒரே முனையக் கட்டடம் இரட்டையாகத் தெரிந்தால், அதே நிலையத்துக்கு இரண்டு பேக் இருக்கிறது, அல்லது உங்கள் பேக் 'குளோபல் ஏர்போர்ட்ஸ்' வரிக்குக் கீழே போயிருக்கிறது. ஓடுபாதை மட்டும் இருந்து கட்டடம் ஏதும் இல்லையென்றால் மேலே ஏதோ மெஷ் இருக்கிறது. கட்டடங்கள் காற்றில் மிதந்தாலோ ஓடுபாதை மேடுபள்ளமாக இருந்தாலோ, அந்த நிலையம் வேறொரு மெஷ்ஷின் உயரத்துக்குச் செய்யப்பட்டது. அதை வரிசையால் சரிசெய்ய முடியாது.

படி 5: ஆர்த்தோ

தரையில் உண்மையான வான்படம் வேண்டுமென்றால் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவசக் கருவி இருக்கிறது. எக்ஸ்-பிளேன் 12-க்கு 1.40 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். பழைய பதிப்பில் செய்த டைல்களில் பருவகாலத்துக்கும் நீருக்கும் வேண்டிய தரவு இல்லை.

அகலாங்கில் 47, நெட்டாங்கில் 11 போட்டு, படம் எடுக்கும் மூலத்தைத் தேர்ந்து, ஜூம் லெவல் 16 வைத்து 'ஆல் இன் ஒன்' பட்டனை அழுத்தினால் டைல் உருவாகும். ஜூம் லெவல் பற்றி ஒரு வார்த்தை. நிலநடுக்கோட்டில் 16 என்றால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 2.4 மீட்டர், 17 என்றால் 1.2 மீட்டர், 18 என்றால் 0.6 மீட்டர். ஒரு படி ஏறினால் இடம் நான்கு மடங்கு ஆகும். இன்ஸ்புரூக் கட்டம் 16-இல் சுமார் 2 ஜிபி, 17-இல் சுமார் 8 ஜிபி. விமானத்தில் 5,000 அடிக்கு மேல் பறப்பவருக்கு 16 தாராளம். நிலையத்தைச் சுற்றி மட்டும் 17 வைப்பது புத்திசாலித்தனம்.

டைல் மட்டும் போட்டால் சாலையும் மரமும் வீடும் காணாமல் போகும். டைல் ஒரு மெஷ் என்பதால் எக்ஸ்-பிளேனின் சொந்தத் தரையை அது முழுக்க மறைத்துவிடுகிறது. கருவியின் செட்டிங்கில் ஓவர்லே மூலமாக எக்ஸ்-பிளேனின் 'குளோபல் சீனரி'க்குள் இருக்கும் 12-ஆம் பதிப்பு ஃபோல்டரைக் காட்டி, ஓவர்லேக்களைத் தனியாகப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பகுதியின் சீனரியை எக்ஸ்-பிளேன் இன்ஸ்டாலரில் முன்பே இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரித்தெடுக்க ஒன்றும் இருக்காது. ஓவர்லே ஃபோல்டரின் பெயர் 'ஒய்' என்றும் டைல்களின் பெயர் 'இசட்' என்றும் தொடங்குவது காரணத்தோடுதான். அகர வரிசையில் வைத்தாலும் ஓவர்லே மேலேயும் டைல் கீழேயும் வந்துவிடும்.

டைல்களை வேறு டிரைவில் வைத்து, அவற்றின் ஷார்ட்கட்டை மட்டும் 'கஸ்டம் சீனரி'க்குள் வைத்தாலும் எக்ஸ்-பிளேன் ஏற்றுக்கொள்ளும். மெயின் டிஸ்க் சிறியதாக இருப்பவர்களுக்கு இதுவே வழி. நீங்கள் செய்த டைல்களை மற்றவர்களுக்குப் பகிராதீர்கள். அந்தப் படங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

11-ஆம் பதிப்பின் சரக்கு

விமான நிலையங்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். மெஷ்களைத் தவிர்ப்பது நல்லது, நீரும் பனியும் சரியாக வராது. விமானங்களில் காக்பிட் கண்ணாடி மங்கலாகத் தெரிவதும், பறக்கும் தன்மை மாறுவதும் சாதாரணம். 12-க்கென்று புதுப்பித்த பதிப்பு இருந்தால் அதையே எடுங்கள்.

ஒவ்வொன்றாகச் சேருங்கள்

ஒரு பேக்கைச் சேர்த்து, எக்ஸ்-பிளேனைத் திறந்து, அந்த நிலையத்தில் விமானத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். எக்ஸ்-பிளேன் பாதியில் விழுந்தால், அடுத்த முறை திறக்கும்போது பாதுகாப்பு முறையில் தொடங்கவா என்று கேட்கும். அதில் பிளக்-இன்களை நிறுத்திப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் பிளக்-இன்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். வரிசை சரியாக அமைந்ததும் 'சீனரி பேக்ஸ்' ஃபைலின் காப்பியை 'கஸ்டம் சீனரி'க்கு வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.