சூரியனில் ஓடும் அலையை நீங்களே அளந்து பார்க்கலாம்

சூரியனில் பெரிய வெடிப்பு நிகழும்போது, அதன் வெளி வளிமண்டலமான கொரோனாவில் ஓர் அலை கிளம்பி நாலாபக்கமும் ஓடும். 1997 மே 12 அன்று சோஹோ விண்கலம் இதைத் தெளிவாகப் படம்பிடித்தது. அப்போது கால் மணி நேரத்துக்கு ஒரு படம் என்ற அளவில்தான் கிடைத்தது. அதற்குள் அலை வெகுதூரம் போய்விடும். 2010இல் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலமோ 12 நொடிக்கு ஒரு படம் எடுக்கிறது. அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

முதலில், அந்தப் படங்களைத் திறந்து பார்க்க உதவும் ஜேஹீலியோவியூவர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். பழகுவதற்கு 2017 செப்டம்பர் 10 வெடிப்பு அருமையானது. எக்ஸ் 8.2 வகை (எக்ஸ் என்பது வெடிப்புகளில் மிக வலுவான பிரிவு), சூரியனின் மேற்கு விளிம்பில் நடந்தது.

அடுத்து, ஏஐஏ 193 ஆங்ஸ்ட்ராம் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஏஐஏ என்பது எஸ்டிஓவில் உள்ள கேமரா, ஆங்ஸ்ட்ராம் என்பது ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு. நேரம் 15:50 முதல் 16:30 வரை, நிமிடத்துக்கு ஒரு படம் போதும். இது உலகப் பொது நேரம். நான் முதல் தடவை நம்மூர் நேரத்தைப் போட்டுவிட்டு, அமைதியான சூரியனை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

சரி, ஓட விடுங்கள். வெடித்த இடம் வெளுத்துப்போய், அதிலிருந்து பெருக்கல் குறி மாதிரி கோடுகள் நீளும். அது கேமராவின் வேலை, அலை இல்லை. அலை இன்னும் கண்ணுக்குப் பிடிபடாது. பின்னணி வெளிச்சத்தில் அது கரைந்துகிடக்கிறது.

இங்கேதான் கழித்தல் வருகிறது. படத்தின் அமைப்புகளில் வேறுபாட்டுப் படத்தை இயக்குங்கள். ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்கு முந்தையது கழிக்கப்படும். மாறாததெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். மேற்கு விளிம்பிலிருந்து ஒரு வெள்ளை வளைவு வடக்கும் தெற்குமாக விரிவது இப்போது பளிச்சென்று தெரியும். முதல் தடவை பார்க்கும்போது சிலிர்க்கும்.

வேகம் கணக்கிட அட்சக் கோடுகளை மேலே போடுங்கள். சூரியனின் ஆரம் 6,96,000 கி.மீ. என்பதால், பரப்பில் ஒரு டிகிரி சுமார் 12,150 கி.மீ. விளிம்பை ஒட்டி 30 டிகிரி கடக்க அலைக்கு 6 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 3,64,500 கி.மீ.யை 360 நொடியால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 1,010 கி.மீ. வழக்கமான அலைகள் நொடிக்குச் சில நூறு கி.மீ.தான் போகும், இந்த வெடிப்பின் அலை ஆயிரத்தைத் தாண்டியது.

அப்புறம் அதே நேரத்தை 171 ஆங்ஸ்ட்ராமிலும் ஓட்டிப் பாருங்கள். இத்தகைய அலைகள் 193இல் வெளுத்தாலும் 171இல் பெரும்பாலும் கறுத்துத் தெரியும். அலை அமுக்கியதில் வாயு சூடேறி, 171 காட்டும் வெப்பநிலையைக் கடந்து 193 காட்டும் வெப்பநிலைக்குப் போய்விடுகிறது.