ஆன்லைன் ஆப்டிடியூட் டெஸ்ட்டுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி

டிகிரி முடிச்ச கையோட தென்னாப்பிரிக்காவுல டர்பன்லயும் ஜோபர்க்லயும் (ஜோகன்னஸ்பர்க்) கிராஜுவேட் வேலைக்கு அப்ளை பண்ற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு இன்டர்வியூ வரைக்கும் போகாமலே நின்னுடுறாங்க. மார்க் நல்லாத்தான் இருக்கும், நடுவுல வர்ற ஆன்லைன் டெஸ்ட்லதான் போயிடுது. அது அறிவு சோதிக்கிற பரீட்சை மாதிரி தெரியும், ஆனா பாதி நேரக்கணக்கு, பாதி பழக்கம், ரெண்டும் வீட்லயே வந்துடும்.

மெயில் வந்ததும் லிங்க்க அமுக்கிடாதீங்க. யாரோட டெஸ்ட், எத்தனை கேள்வி, எத்தனை நிமிஷம், கால்குலேட்டர் உண்டா, திரும்பப் போய் விடையை மாத்த முடியுமான்னு முதல்ல பாருங்க. எஸ்ஹெச்எல்னு (இந்த மாதிரி டெஸ்ட் தயாரிக்கிற கம்பெனி) போட்டிருந்தா அவங்க சைட்லயே இலவசமா ப்ராக்டிஸ் டெஸ்ட் இருக்கு, அதுலயே ஆரம்பிங்க.

எங்க அக்கா மகளுக்கு டர்பன் சாட்ஸ்வர்த்ல சமையக்கட்டு மேசையில உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். வாட் வரி 15% சேர்த்து ஒரு பொருள் 230 ராண்ட், வாட் இல்லாம எவ்வளவுன்னு கேட்டேன். டக்குனு 230ல 15% கழிச்சு 195.50ன்னா. நெஜ டெஸ்ட்ல அந்தத் தப்பு விடையும் ஆப்ஷன்ல உக்காந்திருக்கும், அதப் பாத்ததும் சரின்னு நம்பிடுவோம். 230ஐ 1.15ஆல வகுக்கணும், 200 வரும். பர்சன்டேஜ், விகிதம், டேபிள் படிக்கிறது இந்த மூணும் கைக்கு வந்துட்டாலே பாதி பயம் போயிடும், ஆனா டைமர் வெச்சுத்தான் போடணும், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்னு.

வெர்பல் பகுதியில ஒரு பத்தி கொடுத்து, கீழ இருக்கிற வாக்கியம் ட்ரூவா, ஃபால்ஸா, இல்ல கேன்னாட் சேவா (பத்திய வெச்சு சொல்ல முடியாது)ன்னு கேப்பாங்க. இங்கதான் விவரம் தெரிஞ்ச பிள்ளைங்களே விழுறாங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன் துறைமுக வேலை தடைபட்டுச்சுன்னு பத்தி சொல்லுதுன்னு வைங்க, கீழ 'அதனால கம்பெனிங்களுக்கு நஷ்டம்'னு இருக்கு. நாம நேர்ல பாத்தவங்க, கை ட்ரூவுக்குத்தான் போகும். பத்தியில நஷ்டத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா விடை கேன்னாட் சே, அவ்ளோதான்.

படங்க எந்த முறையில மாறுதுன்னு கண்டுபிடிக்கச் சொல்ற கேள்விக்கு ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் பாருங்க, எண்ணிக்கை, சுத்துற திசை, நிறம்னு.

கரன்ட் விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. எங்க பொண்ணோட முதல் டெஸ்ட்ல 11வது கேள்வியில லோட்ஷெட்டிங் (முறை வெச்சு கரன்ட் கட் பண்றது), வைஃபை போச்சு, டைமர் நிக்கல. அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன், அவ முகத்த இன்னும் மறக்க முடியல. அதனால எஸ்கொம்சேபுஷ் ஆப்ல கரன்ட் கட் டைம் பாத்துட்டு உக்காருங்க, லேப்டாப் ஃபுல் சார்ஜ், போன்ல டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்ட முன்னாடியே ஒருதரம் கனெக்ட் பண்ணிப் பாத்துடுங்க. அப்படியும் நின்னுபோச்சுன்னா ஸ்க்ரீன்ஷாட், நேரம் ரெண்டையும் குறிச்சு அன்னிக்கே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க, நாங்க போட்டோம், திரும்ப லிங்க் அனுப்பினாங்க.

அண்ணன், ஃப்ரெண்டுன்னு யாரையும் உங்களுக்குப் பதிலா எழுத வைக்காதீங்கப்பா, சில கம்பெனி பிறகு ஆபீஸுக்கே கூப்பிட்டு இன்னொரு தரம் எழுதச் சொல்லுவாங்க.