ஆக்டேவ் ஃபஸ் பெடலைக் கையால் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டேவ் ஃபஸ் என்பது கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கி (ஃபஸ்), அதற்கு மேல் ஸ்தாயியையும் (ஆக்டேவ்) எழுப்பும், காலால் இயக்கும் சிறு பெட்டி. 1967இல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காக ரோஜர் மேயர் உருவாக்கிய ஆக்டேவியா, அதே வழியில் 1970களில் கலிஃபோர்னியாவில் டைகோபிராஹி நிறுவனம் வெளியிட்ட பெடல், ஜப்பானின் ஷின்-எய் தயாரித்து யூனிவாக்ஸ் பெயரில் விற்பனையான சூப்பர் ஃபஸ், மேலெல்லாம் மென்மயிர் ஒட்டிய ஃபாக்ஸ் டோன் மெஷின். பழைய ஆக்டேவ் ஃபஸ்களை நகலெடுக்கிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறார்கள். சர்க்யூட் சிறியது, பாகங்கள் குறைவு, ஆசையும் நியாயமானது. ஆனாலும் செய்து முடித்த பெடல்களில் பல வெறும் ஃபஸ்ஸாகவே இரைகின்றன. மேல் ஸ்தாயி எழும்புவதே இல்லை.

இந்தப் பெடல்கள் கிட்டாரின் ஒலியலையில் கீழ்ப்பாதியை மடித்து மேலே திருப்புகின்றன. ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருந்த இடத்தில் இரண்டு மேடுகள் வந்துவிடுவதால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது: 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஏ தந்தி 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இரண்டு மேடுகளும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று குட்டையாகிவிட்டால் பழைய 110 மறுபடியும் உள்ளே நுழைந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜோடி சேர்க்காத பாகங்களைப் பொருத்துவது. ஆக்டேவியா வகையில் மடிக்கும் வேலையை இரண்டு ஜெர்மானியம் டையோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) செய்கின்றன. பையிலிருந்து கைக்கு வந்த இரண்டை எடுத்து சால்டர் செய்துவிடக் கூடாது. பத்துப் பதினைந்து வாங்கி, மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். 1என்34ஏ போன்றவை 0.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஒன்று 0.28, இன்னொன்று 0.36 என்றால் அவை ஜோடி அல்ல. அளக்கும்போது டையோடை விரலால் பிடிக்க வேண்டாம். ஜெர்மானியம் வெப்பத்துக்கு உடனே அசையும்; விரல் சூட்டிலேயே அளவு கண்முன்னே இறங்குவதைப் பார்க்கலாம். மேசையில் சிறிது நேரம் ஆறவிட்டு, முனைகளைக் கிளிப்பால் கவ்வி அளந்தால் எண் நிலைக்கும். சால்டர் செய்யும்போதும் டையோடுக்கும் சூட்டுமுனைக்கும் நடுவே கம்பியைக் குறடால் பிடித்துக்கொள்வது நல்லது.

சூப்பர் ஃபஸ்ஸில் மடிப்பதற்கு டையோடுகள் இல்லை, இரண்டு டிரான்சிஸ்டர்கள். அவற்றின் பெருக்கமும் (கெய்ன்) ஒத்திருக்க வேண்டும். அவற்றுக்கு முன்னால், அலையை நேராகவும் தலைகீழாகவும் பிரித்துத் தரும் டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 5 சதவீத விலகல் அனுமதிக்கப்பட்ட 10 கிலோஓம் ரெசிஸ்டர் 9.5 ஆகவும் இருக்கலாம், 10.5 ஆகவும் இருக்கலாம். இங்கே 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போடுங்கள். பழைய தோற்றம் கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம், காதுக்கு அது கேட்காது. சமநிலையைத் திருத்த உள்ளே ஒரு டிரிம்பாட் (திருப்பி அளவை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

ஆக்டேவியா வகைக்குச் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். டையோடுகள் இணையும் பக்கத்தில் நடுமுனை (சுருளின் நடுவிலிருந்து வரும் கம்பி) இருப்பதைத்தான் வாங்க வேண்டும். நடுமுனையிலிருந்து இரு ஓரங்களுக்கும் மின்தடையை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பக்கங்களை மாற்றி இணைத்தாலும் ஒலி வரும், அதனால்தான் இந்தத் தவறு பிடிபடாமலே போகிறது. பலவீனமாக, மூக்கடைத்தது போல வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களின் (எமிட்டர், பேஸ், கலெக்டர்) வரிசை அடுத்த கண்ணி. சூப்பர் ஃபஸ்ஸின் 2எஸ்சி828 டிரான்சிஸ்டரில் கலெக்டர் நடுவில் இருக்கிறது; பலரும் மாற்றாகப் போடும் 2என்3904இல் நடுவில் இருப்பது பேஸ். வரைபடத்தை நம்பாமல் அந்தந்த டிரான்சிஸ்டரின் தரவுத்தாளைப் பாருங்கள். சாக்கெட் வைத்தால் மாற்றிப் போட்டுக் கேட்கவும் முடியும்.

பழமை மீதான பற்று ஓர் இடத்தில் மட்டும் உண்மையாகவே கெடுதல் செய்கிறது: எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள். ஐம்பது ஆண்டுகள் கிடங்கில் கிடந்தவற்றை அதிக விலை கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் காலத்தில் வற்றிவிடும். புதியதே சரி. அதேபோல கார்பன் கலவை ரெசிஸ்டர்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் ஃபஸ் போன்ற பெரும் பெருக்கத்தில் இரைச்சலைக் கூட்டுகின்றன.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், பிரிட்ஜ் பிக்கப்பில் (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) திறந்த தந்தியை மீட்டிப் பார்த்து, ஆக்டேவ் வரவில்லை என்று பெடலைப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நெக் பிக்கப்புக்கு மாற்றி, கிட்டாரின் டோனைக் குறைத்து, 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றைச் சுரமாக வாசியுங்கள். அங்கே அலை எளிமையாக இருப்பதால் மடிப்பு தெளிவாகக் கேட்கும். கார்டு (பல சுரங்களை ஒருசேர) வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்குவது இந்தச் சர்க்யூட்டின் இயல்பு, கோளாறு அல்ல. முன்னால் ஒரு சாதாரண ஃபஸ் பெடலை வைத்தும் சோதிக்கலாம். அலை மேலும் தடிமனாகி ஆக்டேவ் நீண்டு நிற்கும்.

விற்கப்போகிறவர்களுக்கு ஒன்று. அசலின் பெயரையும் எழுத்துருவையும் அப்படியே பெட்டியில் அச்சிடாதீர்கள். பழைய பெடல்களைத் தேடி வாங்குகிறவர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள், நான்கு கை மாறிய பிறகு உங்கள் நகல் அவர்களில் ஒருவரிடம் அசலாகப் போய்ச் சேரக்கூடும். உங்கள் பெயரும் செய்த ஆண்டும் சர்க்யூட் பலகையில் அழியாதபடி இருக்கட்டும்.