கேட்கத் தெரிந்த கயிறு

ஒருவர் உடலை மற்றொருவர் கயிற்றால் கட்டும் ஜப்பானியக் கலையின் படங்களைப் பார்த்துவிட்டு அதைப் பழக விரும்பும் தம்பதியரும் காதலரும் பெரும்பாலும் முடிச்சுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். படத்தில் தெரிவது முடிச்சும் கோலமும் மட்டுமே என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் இக்கலையைக் குறிக்கும் ‘ஷிபாரி’ என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்றும் ‘கின்பாக்கு’ என்ற சொல்லுக்கு இறுகக் கட்டுதல் என்றும்தான் பொருள். அலங்காரம் என்ற பொருள் இரண்டிலும் இல்லை. கட்டுபவருக்கும் கட்டப்படுபவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதே இக்கலையின் சாரம். அதை வயது வந்த இருவர், முழு மனத்தோடு இசைந்து, எப்படிப் பழகலாம் என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

இதன் வேர்களில் ஒன்று சற்றும் மென்மையானதல்ல. எடோ காலத்தில் (1603–1868) பிடிபட்டவர்களைக் கட்டுவதற்கென்றே ‘ஹோஜோஜுட்ஸு’ என்ற கயிற்று வித்தை இருந்தது. கைதியின் தகுதிக்கும் குற்றத்துக்கும் ஏற்பக் கட்டின் அமைப்பு மாறியது. பின்னர் ஓவியர் இட்டோ செய்யூ (1882–1961) கட்டுண்ட உருவங்களைத் தம் படங்களின் பொருளாக்கினார். போருக்குப் பின் 1947-இல் தொடங்கிய ‘கிதான் கிளப்’ போன்ற இதழ்கள் அந்த ஆர்வத்தைப் பரப்பின. 2016-இல் மறைந்த கயிற்றுக் கலைஞர் யுகிமுரா ஹாருகி, குறைந்த கயிற்றோடு தரையிலேயே அமர்ந்து, கட்டப்படுபவரின் மனநிலையைப் பின்தொடரும் பாணிக்காக அறியப்பட்டவர். கைதியின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. இந்தப் பாணியிலோ கேட்பதுதான் கட்டுபவரின் முதல் வேலை. தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல் வினவுவதையும் செவிகொடுப்பதையும் குறிப்பது இங்கே மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் இரண்டும் வேண்டும்.

முதற்பேச்சைக் கயிறு கையில் இல்லாத வேளையில், இயன்றால் முந்தைய நாளே, வைத்துக்கொள்ளுங்கள். உடலைப் பற்றிய கேள்விகள் எளியவை: தோள், மணிக்கட்டு, முழங்காலில் பழைய காயம் உண்டா, கை கால் மரத்துப்போகும் தொல்லை உண்டா, நீரிழிவோ மயக்கம் வரும் வழக்கமோ உண்டா, இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறீர்களா, மறுநாள் வேலைக்குப் போகும்போது தோலில் தடம் தெரிந்தால் பரவாயில்லையா. மனத்தைப் பற்றிய கேள்விதான் கடினம். “உன்னைக் கட்டட்டுமா?” என்று கேட்டால் ‘சரி’ என்ற விடை மட்டுமே கிடைக்கும், அதை வைத்து எதையும் செய்ய முடியாது. “கட்டுண்டிருக்கும்போது எப்படி உணர விரும்புகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அது அணைப்பின் நீட்சியாக இருக்கலாம், மற்றொருவருக்கு வெட்கத்தை விளையாட்டாக அனுபவிக்கும் வாய்ப்பாக இருக்கலாம், நாள் முழுதும் முடிவெடுத்துக் களைத்த வேறொருவருக்கு எதையும் முடிவுசெய்யத் தேவையில்லாத அரை மணி நேர ஓய்வாக இருக்கலாம். மூன்றுக்கும் முடிச்சு ஒன்றேயானாலும் கட்டும் வேகமும் தொடுகையும் வேறு. தொடக் கூடாத இடங்களையும் சொல்லக் கூடாத சொற்களையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தயங்கித் தயங்கி வரும் இசைவை மறுப்பாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நிறுத்துவதற்குப் போக்குவரத்து விளக்கின் நிறங்களே போதும்: மஞ்சள் என்றால் மெதுவாக்கு, சிவப்பு என்றால் உடனே அவிழ். வாய் திறந்து பேச வராதவர் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுங்கள். அது கீழே விழுந்தால் சிவப்பு என்று பொருள்.

கயிறு மூன்று புரி முறுக்கிய சணலாக, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனும் 7 முதல் 8 மீட்டர் நீளமும் கொண்டதாக இருப்பது வழக்கம். வழுவழுப்பான நைலான் கயிற்றில் முடிச்சு நழுவும், வேகமாக இழுத்தால் தோலையும் சுடும். காயக்கட்டுத் துணியை வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மது அருந்தியிருந்தால் அன்று வேண்டாம்.

முதல் நாளில் ஒரு மணிக்கட்டைக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். இணைக்குப் பின்னால், அவர் முதுகு உங்கள் மார்பில் சாயும்படி அமருங்கள். கயிற்றை நடுவில் மடித்து இரட்டையாக்கி, மடிப்பு முனையை அவர் முன்கையின் மீது மெல்ல நகர்த்தி, கயிறு வந்துவிட்டது என்பதைத் தோல் அறியவிடுங்கள். பின்பு மணிக்கட்டின் மடிப்புக்குச் சற்று மேலே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே ஒரு விரல் தாராளமாக நுழையும்படி இடம்விட்டு, இழுத்தால் இறுகாத முடிச்சாகப் போடுங்கள். உருவாஞ்சுருக்கு மட்டும் கூடவே கூடாது. நரம்பும் நாளமும் ஓடும் உட்பக்கத்தில் முடிச்சை வைக்காதீர்கள்.

உரையாடல் இனிமேல்தான் தொடங்குகிறது. மீந்த கயிற்றைச் சற்றே இழுத்து, அப்படியே நிறுத்திக் காத்திருங்கள். இணையின் கை இழுப்போடு வருகிறதா, எதிர்த்து நிற்கிறதா, மூச்சு நீள்கிறதா, பாதி வழியில் தடைபடுகிறதா என்று கவனியுங்கள். ஜப்பானியர் இசையிலும் நாடகத்திலும் ‘மா’ என்று சொல்லும் இடைவெளி இதுவே. விடை வருவதற்கு இடம் விடாமல் அடுத்த சுற்றைப் போடுபவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். விரைந்து இழுக்கும் கயிறு அதட்டும், மெல்ல ஊரும் கயிறு வினவும், இழுத்த நிலையிலேயே நிற்கும் கயிறு ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லும். முடிச்சுப் போடும்போது ஒரு கையாவது இணையின் உடலில் இருக்கட்டும். அடிக்கடி கைப்பேசியில் பாடக் காணொளியைப் பார்ப்பவரின் கவனம் எங்கே இருக்கிறது என்பது கட்டுண்டவருக்கு நொடியில் தெரிந்துவிடும். மறந்துபோன முடிச்சை விட்டுவிட்டுத் தெரிந்ததை மட்டும் கட்டுவது அதைவிட மேல்.

மௌனத்தை இன்பம் என்று எடுத்துக்கொள்வது தொடக்கநிலையினரின் பெரிய பிழை. சிலர் ஆழ்ந்த மயக்கம் போன்ற நிலைக்குச் சென்று, வலியைக்கூடச் சொல்ல மறந்துவிடுவார்கள். சிலர் கட்டுபவரின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றிப் பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள், ஆனால் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், ஏனெனில் அதற்கு ஆம் என்பதே பழகிப்போன விடை. “கட்டைவிரலை உயர்த்து, மணிக்கட்டைப் பின்னால் வளை” என்று சொல்லுங்கள். மேற்கையின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் ரேடியல் நரம்பு அழுந்தினால் இந்த அசைவுதான் முதலில் தளரும். வலியே இல்லாமலும் அது நேரலாம், குணமாக வாரங்கள் பிடிக்கலாம். கை சற்று நிறம் மாறினால் கட்டைத் தளர்த்தினால் போதும். ஊசி குத்துவது போன்ற உணர்வோ, மரத்துப்போதலோ, பலவீனமோ வந்தால் அந்தக் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும், தாமதமானால் வெட்டவும் வேண்டும். அவிழ்த்த பின்னும் கை மீளாவிட்டால் மருத்துவரிடம் கூச்சமின்றிக் காரணத்தைச் சொல்லுங்கள். கழுத்தில் எந்த நாளும் கயிறு வேண்டாம். கட்டுண்டவரைத் தனியே விட்டு அடுத்த அறைக்குக்கூடப் போகக் கூடாது. உயரத்தில் தொங்கவிடும் கட்டுகள் ஆசானிடம் நேரில், நீண்ட காலம் பயில வேண்டியவை. எழுத்தைப் படித்து அவற்றில் இறங்காதீர்கள்.

அவிழ்ப்பதைக் கட்டியதைப் போலவே பொறுமையாகச் செய்யுங்கள், ஏனெனில் பலருக்கு நெகிழ்ச்சி மேலிடும் நேரம் அதுதான். சிவந்த தடத்தின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, போர்வையும் தண்ணீரும் கொடுத்து, கண்ணீர் வந்தால் காரணம் கேட்டு நெருக்காமல் அருகில் இருங்கள். கயிற்றை அப்போதே சுருட்டி வைக்கும் சுறுசுறுப்பு தேவையில்லை.

ஓரிரு நாள் கழித்து இருவரில் யாருக்கும், கட்டியவருக்குங்கூட, காரணம் தெரியாத சோர்வு வரலாம். அதனால் பின்பேச்சை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். “எந்த இடத்தில் நான் உன்னை விட்டுத் தொலைவில் போய்விட்டதாகத் தோன்றியது?” என்று கட்டியவர் கேட்கலாம், “என் கை இறுகியபோது நீ என்ன நினைத்தாய்?” என்று கட்டுண்டவரும் கேட்கலாம். அதன் பின், இணை இசைந்தால், ஒருமுறை கயிற்றை அவரிடம் கொடுத்து உங்கள் மணிக்கட்டை நீட்டுங்கள். நீங்கள் மென்மை என்று நினைத்திருந்த இழுப்பு தோலில் எப்படி இருக்கிறது என்பது அப்போது தெரியும்.